நமக்கு வெறும் உதட்டுக் கொப்புளம்... சில குழந்தைகளுக்கு மட்டும் ஏன் உயிர்ப் போராட்டம்?

காய்ச்சல் விட்ட மறுநாள் கண்ணாடியில் முகம் பார்க்கிறீர்கள். உதட்டோரத்தில் கொத்தாக நாலைந்து குட்டிக் கொப்புளங்கள். "எல்லாம் உடம்புச் சூடு, இளநி குடிச்சா சரியாப்போயிடும்" என்கிறார் அம்மா. ஒரு வாரத்தில் காய்ந்து உதிர்ந்தும் விடுகிறது. நீங்களும் மறந்துவிடுகிறீர்கள்.

அந்தக் கொப்புளத்துக்குக் காரணம் சூடு இல்லை, ஒரு வைரஸ். நீங்கள் சின்ன வயதாக இருந்தபோது உடம்புக்குள் வந்து, இன்றுவரை வெளியே போகாத வைரஸ். நம்மில் பெரும்பாலானவர்களிடம் அதுவும் அதன் சொந்தக்காரர்களும் குடியிருக்கிறார்கள். நமக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை.

ஆனால், எதிர்ப்பு சக்தியில் ஒரு பிறவிக் குறையோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு இதே வைரஸ் நுரையீரலையோ, கல்லீரலையோ, மூளையையோ தாக்கி உயிரையே பறிக்கலாம். அந்தக் குழந்தைகளைச் சீக்கிரம் அடையாளம் கண்டால் காப்பாற்ற வழி இருக்கிறது. அதற்கு டாக்டர்களுக்கு மட்டுமல்ல, அக்கா குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் உங்களுக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

'ஹெர்பீஸ்'னாலே தப்பான நோயா?

இல்லைங்க. ஹெர்பீஸ் என்றதும் பலருக்கு பாலியல் நோய்தான் நினைவுக்கு வருகிறது. அது இந்தக் குடும்பத்தில் ஓரிரு உறுப்பினர்கள் மட்டும் செய்யும் வேலை. மனிதர்களைத் தொற்றும் ஹெர்பீஸ் வைரஸ்களில் எட்டு வகைகள் உண்டு.

* ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் 1: உதட்டுக் கொப்புளம், வாய்ப்புண். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் இது இருக்கிறது.
* ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் 2: பெரும்பாலும் பிறப்புறுப்பில் புண்.
* வாரிசெல்லா ஸாஸ்டர்: முதல்முறை வந்தால் சிக்கன் பாக்ஸ் எனப்படும் சின்னம்மை. பல வருடம் கழித்து அதே வைரஸ் விழித்துக்கொண்டால் அக்கி.
* எப்ஸ்டீன் பார் வைரஸ் (சுருக்கமாக ஈ.பி.வி): எச்சில் வழியாகப் பரவுவது. காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறிக்கட்டி.
* சைட்டோமெகலோ வைரஸ் (சுருக்கமாக சி.எம்.வி): பெரும்பாலானோருக்கு வந்ததே தெரியாது.
* ஹெச்.ஹெச்.வி 6, 7: கைக்குழந்தைகளுக்கு மூன்று நாள் காய்ச்சல், அது விட்டதும் உடம்பில் சிவப்புத் தடிப்பு.
* ஹெச்.ஹெச்.வி 8: அரிதாக, எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு கபோசி சார்கோமா என்ற புற்றுநோய்.

இவை அத்தனைக்கும் பொதுவான ஒரு குணம், ஒருமுறை உள்ளே வந்தால் வெளியே போகாது. சிம்ப்ளெக்ஸும் சின்னம்மை வைரஸும் நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஈ.பி.வி, ரத்தத்தில் இருக்கும் 'பி செல்' எனப்படும் வெள்ளை அணுவுக்குள் ஒளிந்துகொள்ளும். கும்பகர்ணன் மாதிரி தூக்கம். ஆனால் உயிரோடுதான் இருக்கும்.

அப்போ, அதைத் தூங்க வைப்பது யார்?

நம் உடம்பின் காவல் படைதான். இதில் மூன்று பேர் முக்கியம்.

முதலாவது, 'டி செல்'. எந்த செல்லுக்குள் வைரஸ் புகுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த செல்லையே அழித்துவிடும். இரண்டாவது, 'என்.கே செல்'. டி செல் தயாராவதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் களத்தில் இறங்கி முதல் அடி கொடுப்பது இதுதான். மூன்றாவது, 'இன்டர்ஃபெரான்'. வைரஸ் புகுந்த செல், பக்கத்து செல்களுக்கு அனுப்பும் எச்சரிக்கை மணி.

இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பிறவியிலேயே இல்லாமலோ, வேலை செய்யாமலோ போனால்? தூங்க வேண்டிய வைரஸ் தூங்காது. இப்படி ஜீன்களில் உள்ள பிழையால் வரும் நோய்களைத்தான் 'பிறவி எதிர்ப்பு சக்திக் குறைபாடு' என்கிறார்கள். இதற்குக் காரணமான ஜீன்கள் மட்டும் 400-க்கும் மேல் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. இது ஹெச்.ஐ.வி-யால் வரும் எய்ட்ஸ் அல்ல. குழந்தையைத் தொட்டால் இந்தக் குறைபாடு யாருக்கும் ஒட்டாது. உண்மையில் நிலைமை தலைகீழ். நம்மிடம் இருப்பதுதான் அந்தக் குழந்தைக்கு ஒட்டக்கூடாது.

பிளாஸ்டிக் குமிழிக்குள் 12 வருடம்

இதற்கு உலகமே அறிந்த ஓர் உதாரணம், டேவிட் வெட்டர்.

1971 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிறந்தான். அவனுக்கு முன்பு பிறந்த அண்ணன், ஸ்கிட் எனப்படும் தீவிர எதிர்ப்பு சக்திக் குறைபாட்டால் ஏழு மாதத்தில் இறந்திருந்தான். டி செல்லே உருவாகாத கொடிய குறைபாடு இது. டேவிட்டுக்கும் அதே நோய். எனவே, பிறந்த சில நொடிகளிலேயே அவனைக் கிருமி நீக்கப்பட்ட பிளாஸ்டிக் அறைக்குள் வைத்தார்கள். உணவு, தண்ணீர், விளையாட்டுச் சாமான் எல்லாமே சுத்திகரிக்கப்பட்ட பிறகுதான் உள்ளே போகும். அம்மாகூட அறையோடு இணைந்த கையுறை வழியாகத்தான் அவனைத் தொட முடியும்.

1983 அக்டோபரில் அவன் அக்கா கேத்தரினின் எலும்பு மஜ்ஜை அவனுக்குச் செலுத்தப்பட்டது. முழுப் பொருத்தம் இல்லைதான். ஆனாலும் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. சில மாதங்களில் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. 1984 பிப்ரவரி 22 அன்று, 12 வயதில் டேவிட் இறந்துபோனான்.

காரணம், ஈ.பி.வி. அக்காவின் மஜ்ஜைக்குள் அது தூங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அதனால் எந்தப் பிரச்னையும் இல்லை. ஆனால், காவலே இல்லாத தம்பியின் உடம்புக்குள் போனதும் அது பி செல்களைக் கட்டுப்பாடில்லாமல் பெருக வைத்து, புற்றுநோயாக மாறிவிட்டது. 12 வருடம் எந்தக் கிருமியையும் உள்ளே விடாமல் காத்தார்கள். கடைசியில், பாசத்தோடு கொடுக்கப்பட்ட மஜ்ஜைக்குள் ஒளிந்து வந்தது ஒரு சாதாரண வைரஸ். அன்றைக்கு அதை முன்கூட்டியே பிடிக்கும் பரிசோதனை கையில் இல்லை. இன்று இருக்கிறது.

எந்த வைரஸ், என்ன செய்யும்?

சின்னம்மை: சாதாரணக் குழந்தைக்கு நாலைந்து நாள் கொப்புளம் எழும்பி, பிறகு பொருக்கு தட்டிவிடும். டி செல் குறைந்த குழந்தைக்கு புதுக் கொப்புளங்கள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். கொப்புளத்துக்குள் ரத்தம் கட்டலாம். நுரையீரல், கல்லீரல் வரை பரவலாம். கொப்புளம் சரியாகத் தெரிவதற்கு முன்பே தாங்க முடியாத வயிற்று வலி வருவதும் உண்டு.

என்.கே செல் எவ்வளவு முக்கியம் என்று மருத்துவ உலகம் புரிந்துகொண்டதும் இப்படித்தான். ஒரு பதின்பருவப் பெண்ணுக்கு சின்னம்மை, சி.எம்.வி, சிம்ப்ளெக்ஸ் மூன்றுமே அடுத்தடுத்து மிகக் கடுமையாக வந்தன. சோதித்தால், அவருக்கு என்.கே செல்களே இல்லை. 1989-ல் வெளியான அந்த மருத்துவக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது.

சி.எம்.வி: ஸ்கிட் உள்ள கைக்குழந்தைகளுக்கு இது பெரிய எதிரி. நுரையீரலில் புகுந்து மூச்சுத்திணறல் கொடுக்கும். கல்லீரலையும் கண்ணின் விழித்திரையையும் தாக்கும். தாய்ப்பால் வழியாகவும் இது வரக்கூடும். உடனே பதறிவிடாதீர்கள். ஆரோக்கியமான குழந்தைக்குத் தாய்ப்பால்தான் அமுதம், அதை நிறுத்தவே கூடாது. ஸ்கிட் என்று உறுதியான குழந்தைக்கு மட்டும், அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதித்து, பால் கொடுப்பதைப் பற்றி டாக்டர் முடிவெடுப்பார்.

ஈ.பி.வி: டேவிட் கதையைப் பார்த்தோம். இன்னொரு வகை குறைபாடு உண்டு. அந்தக் குறை உள்ள பையன்கள் பிறந்ததிலிருந்து நன்றாகவே ஓடியாடி வளர்வார்கள். ஈ.பி.வி உள்ளே வரும் நாள் வரைக்கும்தான். அதன் பிறகு தணியாத காய்ச்சல், கல்லீரலும் மண்ணீரலும் வீங்குவது, ரத்த அணுக்கள் சரிவது என்று நிலைமை மளமளவென மோசமாகும். 1975-ல் ஒரே குடும்பத்தில் ஆறு பையன்கள் இப்படி இறந்ததை அமெரிக்க மருத்துவர் டேவிட் பர்ட்டிலோவும் சகாக்களும் பதிவுசெய்தார்கள். காரணமான ஜீன் 1998-ல் கண்டுபிடிக்கப்பட்டது. டி செல்லும் என்.கே செல்லும் இருக்கும். ஆனால், ஈ.பி.வி புகுந்த பி செல்லை அடிக்க மட்டும் அவற்றால் முடியாது. பூட்டு சரி, சாவி சரி; அந்த ஒரு கதவுக்கு மட்டும் சேராது.

சிம்ப்ளெக்ஸ், தோலில்: 'டாக் 8' என்ற ஜீனில் குறை உள்ள குழந்தைகளுக்குக் கடுமையான கரப்பான், மருக்கள், ஆறாத சிம்ப்ளெக்ஸ் புண்கள் எல்லாம் சேர்ந்து வரும். கரப்பான் உள்ள தோலில் சிம்ப்ளெக்ஸ் பரவினால், ஒரே மாதிரி குட்டிக் குட்டிக் கொப்புளங்கள் கூட்டமாக வெடித்து, காய்ச்சலோடு நிற்கும். இது எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ள குழந்தைக்கும் வரலாம். யாருக்கு வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

சிம்ப்ளெக்ஸ், மூளையில்: இதுதான் மருத்துவர்களையே ஆச்சர்யப்பட வைத்தது. அதுவரை எந்த நோயும் இல்லாத குழந்தைக்குத் திடீரென மூளைக்காய்ச்சல். ரத்தத்தில் டி செல், என்.கே செல் எல்லாம் சரி. அப்புறம் எங்கே குறை? 2006, 2007-ல் ஜான் லோரான் காஸநோவா குழுவினர் விடை கண்டார்கள். இவர்களில் ஒரு சிலருக்கு, மூளை செல்கள் இன்டர்ஃபெரான் மணியை அடிக்க உதவும் ஜீனில் பிழை இருந்தது. ஊருக்கெல்லாம் காவல் பலமாக இருந்து, ஒரே ஒரு தெருவில் மட்டும் மணி அடிக்காத கதை.

பி செல்லே இல்லாதவருக்கு ஈ.பி.வி வருமா?

ஒரு சுவாரஸ்யமான விஷயம். பி செல்லே உருவாகாத ஒரு பிறவிக் குறைபாடு இருக்கிறது. ஆக்டன் புரூட்டன் 1952-ல் விவரித்தது. இந்தக் குழந்தைகளுக்கு ஆன்டிபாடி சுரக்காது. அதனால் பாக்டீரியா தொற்றுகள் படுத்தி எடுக்கும். ஆனால், ஈ.பி.வி மட்டும் இவர்களிடம் நிலையாகத் தங்குவதில்லை. ஏன்? அது குடியிருக்கும் வீடே பி செல்தானே! வீடு இல்லாத ஊரில் வாடகைக்கு யார் வருவார்கள்?

இதிலிருந்து தெரிவது, 'எதிர்ப்பு சக்தி குறைவு' என்பது ஒரே நோய் அல்ல. எந்தக் காவலாளி இல்லை என்பதைப் பொறுத்து எந்தக் கிருமி நுழையும் என்பது மாறும். அதனால்தான் 'எந்தக் கிருமி, எப்படி வந்தது' என்பதே டாக்டருக்குப் பெரிய துப்பு. இது தெரியாமல் 'இம்யூனிட்டி பூஸ்டர்' கஷாயமும் பவுடரும் வாங்கிக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தால், ஜீனில் உள்ள பிழை சரியாகாது. நேரம்தான் போகும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிப்பது சகஜம். ஒரு முறை அம்மை வந்தாலோ, ஒரு முறை அக்கி வந்தாலோகூட உடனே பயப்படத் தேவையில்லை. ஆனால், கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

* சின்னம்மையில் ஒரு வாரம் தாண்டியும் புதுக் கொப்புளங்கள் வருவது, கொப்புளத்தில் ரத்தம், மூச்சு வாங்குவது.
* அக்கி மீண்டும் மீண்டும் வருவது, உடம்பில் பல இடங்களில் வருவது.
* வாயிலோ தோலிலோ வந்த சிம்ப்ளெக்ஸ் புண் ஒரு மாதமாகியும் ஆறாதது.
* இரண்டு வாரத்தை நெருங்கியும் விடாத காய்ச்சல், கூடவே நெறிக்கட்டி, வயிறு வீக்கம், மஞ்சள் காமாலை.
* கைக்குழந்தைக்கு எடை ஏறாதது, நிற்காத வயிற்றுப்போக்கு, நாக்கில் மருந்து போட்டும் போகாத வெள்ளைப் படலம், திரும்பத் திரும்ப நிமோனியா.
* பிறந்ததும் போட்ட பி.சி.ஜி ஊசித் தழும்பு ஆறாமல் பெரிய புண்ணாவது, அக்குளில் கட்டி உடைந்து வடிவது.
* குடும்பத்தில் கைக்குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்திருப்பது.

கடைசிப் பாயின்ட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த நோய்களில் சில, எக்ஸ் குரோமோசோம் வழியாக வருபவை. அம்மாவுக்கு எந்த அறிகுறியும் இருக்காது, பையன்களுக்குத்தான் நோய் வரும். அதனால், "குழந்தையோட தாய்மாமன் யாராவது சின்ன வயசுல இறந்திருக்காங்களா? பெரியம்மா, சித்தி வீட்டுப் பையன்களுக்கு இப்படி ஏதாவது இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டால், அது சும்மா கேட்கும் கேள்வி அல்ல. பாட்டியிடம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் பேச விரும்பாத அந்தப் பழைய துக்கத்தில் ஓர் உயிரைக் காக்கும் தகவல் இருக்கலாம்.

காய்ச்சலோடு வலிப்பு, உளறல், ஆளே மாறிப்போனது போன்ற நடத்தை, எழுப்பினாலும் எழாத தூக்கம்: இதில் ஏதாவது இருந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சிம்ப்ளெக்ஸ் மூளைக்காய்ச்சலுக்குச் சிகிச்சை கொடுக்காவிட்டால் சுமார் 70 சதவிகிதம் பேர் உயிரிழப்பார்கள். மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ, அவ்வளவு நல்லது.

உங்கள் கையிலேயே இருக்கும் ஒரு துப்பு

பெரிய பெரிய ஜீன் பரிசோதனைகளுக்கு முன்னால், சாதாரண சி.பி.சி ரத்தப் பரிசோதனையே முதல் துப்பைக் கொடுக்கும். பக்கத்துத் தெரு லேபிலேயே எடுக்கலாம். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையையும், லிம்போசைட் சதவிகிதத்தையும் பாருங்கள். இரண்டையும் பெருக்கி 100-ஆல் வகுத்தால் லிம்போசைட் எண்ணிக்கை கிடைக்கும்.

உதாரணத்துக்கு, வெள்ளை அணு 7,000, லிம்போசைட் 20 சதவிகிதம் என்றால் 1,400. பெரியவர்களுக்கு இது ஓகே. ஆனால் சில மாதக் குழந்தைக்கு இது ரொம்பக் குறைவு! கைக்குழந்தைகளுக்கு இயல்பாகவே லிம்போசைட் அதிகமாக இருக்கும். 3,000-க்குக் கீழே வந்தால் மறுபடி பரிசோதித்து, காரணம் தேட வேண்டும். பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டு 'நார்மல்' என்று கடந்துபோனால், கையில் இருந்த துப்பைத் தவறவிட்டதாக ஆகும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கை சரியாக இருந்தாலே குறைபாடு இல்லை என்று சொல்ல முடியாது. ஈ.பி.வி-க்கு மட்டும் தடுமாறும் பையன்களுக்கு எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். அறிகுறி இருந்தால் அடுத்த கட்டமாக, எந்த வகை செல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, பிறகு ஜீன் பரிசோதனை.

இன்னொன்று, இந்தக் குழந்தைகளுக்கு ஆன்டிபாடி பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தால் நம்பிவிட முடியாது. ஆன்டிபாடியே சுரக்காத உடம்பில் அது எப்படி பாசிட்டிவ் ஆகும்? அதனால் வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர் பரிசோதனைதான் சரி.

சிகிச்சை இருக்கா?

இருக்கிறது.

சிம்ப்ளெக்ஸுக்கும் சின்னம்மைக்கும் அசைக்ளோவிர். ஜெர்ட்ரூட் எலியனின் ஆராய்ச்சிக் குழு 1970-களில் உலகுக்குக் கொடுத்த மருந்து. அவருக்கு 1988-ல் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. வைரஸ் புகுந்த செல்லுக்குள் போன பிறகுதான் இது விழித்து வேலை செய்யும் என்பது இதன் அழகு. எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தைக்கு இதை மாத்திரையாகக் கொடுத்து வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். சி.எம்.வி-க்கு கான்சைக்ளோவிர். ஈ.பி.வி-க்கு இந்த மருந்துகள் பெரிதாகக் கேட்பதில்லை என்பதால், அது ஒளிந்திருக்கும் பி செல்களையே அகற்றும் ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசியைப் பயன்படுத்துவது உண்டு.

இவை எல்லாம் தீயை அணைக்கும் வேலை. ஸ்கிட் போன்ற குறைபாடுகளில் காவல் படையைப் புதிதாக உருவாக்குவது எலும்பு மஜ்ஜை அல்லது ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. 1968-ல் அமெரிக்காவில் ராபர்ட் குட் குழுவினர் அக்காவின் மஜ்ஜையைத் தம்பிக்குக் கொடுத்து இதைச் சாதித்தார்கள்.

இங்கேதான் நேரத்தின் அருமை தெரியும். 2000 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் ஸ்கிட்டுக்காக மாற்று சிகிச்சை பெற்ற 240 குழந்தைகளின் விவரங்களை ஓர் ஆய்வு அலசியது. மூன்றரை மாத வயதுக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 94 சதவிகிதம் பேர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு, அதுவும் ஏற்கெனவே ஒரு தொற்றோடு போராடிக்கொண்டிருந்த நிலையில் சிகிச்சைக்கு வந்தவர்களில் பிழைத்தவர்கள் குறைவு. ஆக, வைரஸ் முந்துகிறதா, நாம் முந்துகிறோமா என்பதுதான் கேள்வி.

அதனால்தான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணம் 2008-லேயே, பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்கிட் பரிசோதனை செய்ய ஆரம்பித்தது. இப்போது அந்த நாடு முழுக்க இது உண்டு. அங்கே சுமார் 58,000 குழந்தைகளில் ஒருவருக்கு ஸ்கிட் இருப்பதாகத் தெரியவந்தது. நம் ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்யும் தேசியத் திட்டம் இல்லை. எனவே, நம் கண்ணும் சந்தேகமும்தான் இங்கே முதல் பரிசோதனை.

செலவை நினைத்து மலைக்கிறீர்களா? மத்திய அரசின் 2021 அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் ஸ்கிட் இடம்பெற்றிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி உண்டு. உங்கள் குழந்தை மருத்துவரிடமோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இதைப் பற்றிக் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி உட்பட தமிழ்நாட்டிலேயே குழந்தைகளுக்கான மாற்று சிகிச்சை மையங்கள் இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும்?

1. உதட்டில் கொப்புளமா? முத்தம் வேண்டாம். இது எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தைக்கு மட்டும் சொல்வதல்ல. பிறந்து சில வாரமே ஆன எந்தக் குழந்தைக்கும் சிம்ப்ளெக்ஸ் ஆபத்தானது. கொப்புளம் காய்ந்து உதிரும் வரை தள்ளி நின்று ரசியுங்கள். கை கழுவாமல் தூக்காதீர்கள். நாம் கடித்து ஊட்டுவது, ஒரே ஸ்பூன் எல்லாம் வேண்டாம்.

2. அம்மை, அக்கி இருப்பவர் கிட்டே வரக்கூடாது. "அக்கிதானே, அம்மை இல்லையே" என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே வைரஸ். அக்கிக்குக் காவி பூசி எழுதினாலும், கொப்புளத்தில் உள்ள வைரஸ் அப்படியேதான் இருக்கும்.

3. அம்மைக்காரர் பக்கத்தில் குழந்தை இருந்துவிட்டதா? கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டருக்கு போன் போடுங்கள். வைரஸை மடக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ, அவ்வளவு பலன். 10 நாள் வரைதான் கெடு. கிடைக்காவிட்டால் மாற்று வழியை டாக்டர் சொல்வார்.

4. வேப்பிலையும் இருக்கட்டும், டாக்டரும் இருக்கட்டும். 'அம்மா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது' என்று பெரியவர்கள் சொல்வது பக்தியால். அதை மதிக்கலாம். தலைமாட்டில் வேப்பிலையை வைத்துக்கொண்டே சிகிச்சையும் எடுக்கலாம். குறைபாடு உள்ள குழந்தைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும் வரை காத்திருந்தால், சில நேரம் அது கைமீறிப் போன காலமாக இருக்கும். அம்மை இருக்கும்போது காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது.

5. தடுப்பூசி விஷயத்தில் கவனம். சின்னம்மைத் தடுப்பூசியை 1974-ல் உருவாக்கியவர் ஜப்பானின் மிச்சியாகி தகஹாஷி. தன் மகன் சின்னம்மையில் பட்ட அவதிதான் அவரை அந்த ஆராய்ச்சிக்குத் தள்ளியது. இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸைக் கொண்ட ஊசி. அதனால் டி செல் குறைபாடுள்ள குழந்தைக்குப் போடக் கூடாது. பி.சி.ஜி, ரோட்டா வைரஸ் சொட்டு, போலியோ சொட்டு மருந்துகளும் இதே ரகம்தான். ஆனால், அந்தக் குழந்தையைச் சுற்றி இருக்கும் அண்ணன், அக்கா, அம்மை வராத பெரியவர்கள் எல்லோரும் சின்னம்மை ஊசி போட்டுக்கொள்வது நல்லது. நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை என்பதால் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும். போட்ட பின் தடிப்பு ஏதும் வந்தால் குழந்தையிடம் இருந்து விலகியிருங்கள். வீட்டில் இன்னொரு கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு போடும் முன்பும் டாக்டரைக் கேளுங்கள்.

6. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் சொல்லிவிடுங்கள். ஸ்கிட் குழந்தைக்குக் கதிரியக்கம் பாய்ச்சிய, சி.எம்.வி இல்லாத ரத்தம்தான் ஏற்ற வேண்டும்.

யார் தப்பு?

குழந்தைக்கு இப்படி ஒரு நோய் என்று தெரிந்ததும், பல வீடுகளில் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் விரல் நீள்வது அம்மாவை நோக்கி. "உங்க வம்சத்துலதான் இப்படி" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை நோயைவிடக் கொடுமையானது.

எக்ஸ் குரோமோசோம் வழி வரும் குறைபாட்டில், ஜீனைச் சுமக்கும் அம்மாவுக்கே அது தெரியாது. ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நோய் வர 50 சதவிகித வாய்ப்பு. சில குழந்தைகளுக்கு அந்தப் பிழை புதிதாகவே தோன்றியிருக்கும். இன்னும் பல குறைபாடுகள், அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பிழையான ஜீன் வந்தால் மட்டுமே வரும். அப்போது ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவிகித வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது இருவரிடமும் ஒரே பிழை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதைச் சொல்வது கல்யாணமானவர்களைக் குற்றவாளி ஆக்க அல்ல. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறலாம், கர்ப்பத்திலேயே பரிசோதிக்கலாம், பிறந்த அன்றே தயாராகலாம் என்பதற்காகத்தான்.

முதல் குழந்தையை இழந்த பிறகும், இரண்டாவது குழந்தையைக் காப்பாற்றிய குடும்பங்கள் உலகெங்கும் இருக்கின்றன. முதல் குழந்தையின் நோய்க்கு ஒரு பெயர் கண்டுபிடிக்கப்பட்டதுதான் அதற்குக் காரணம்.

அதனால், குழந்தை இருக்கும் வீட்டுக்கு அடுத்தமுறை போகும்போது முதலில் கை கழுவுங்கள். உதட்டில் கொப்புளம் இருந்தால் நீங்களே சொல்லிவிட்டுத் தள்ளி உட்காருங்கள். "இது என்ன, அம்மை இத்தனை நாளா இறங்கவே இல்லையே" என்று யாராவது கவலையோடு சொன்னால், "எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்லிக் கடந்துவிடாதீர்கள். "இன்னைக்கே டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம், நானும் கூட வரேன்" என்று சொல்லுங்கள். அன்று நீங்கள் கூடப் போவதுதான் அந்தக் குழந்தைக்கான சிகிச்சையின் முதல் நாளாக இருக்கலாம்.